ஏற்றத்தில் இடது பக்கம் திணறும் கேரவன் மோட்டார் மூவர்: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

புளியரைத்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை தாண்டிப் புளியரைப் பக்கம் மலையடிவாரத்தில் தென்னையும் பாக்குமாக ஒரு தோப்பு இருக்கிறது. குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் தங்கிப்போக, கொச்சியில் ஒருவரிடம் பழைய ஐரோப்பியக் கேரவன் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். என்ஜின் வைத்த வண்டி இல்லை, கார் பின்னால் மாட்டி இழுக்கிற ஒற்றை அச்சு ட்ரெய்லர். உள்ளே சாமானோடு 1,100 கிலோ வரும். பாக்கு வரிசைக்கு நடுவே பொலேரோவை ரிவர்ஸ் எடுத்து இதைத் திருப்ப வழியே கிடையாது, அதனால் ட்ரெய்லரைத் தானாக நகர்த்துகிற மோட்டார் மூவர் (mover) மாட்டியதாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மூவர் பார்க்காதவர்களுக்கு: ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு 12 வோல்ட் மோட்டார், அதன் முனையில் ஒரு அலுமினிய ரோலர். ரோலரை டயரோடு அழுத்திவிட்டு ரிமோட்டை அமுக்கினால் ட்ரெய்லர் தானாக ஊர்ந்து போகும். நொடிக்கு ஒரு சாண் கூட நகராது, ஆனால் நின்ற இடத்திலேயே முழுசாகத் திரும்பும்.

இப்போது பிரச்சினை. சமதளத்தில் ஓடுகிறது, கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், அதை ரிமோட்டிலேயே சரிசெய்து ஓட்டிக்கொள்கிறேன். ஷெட்டுக்கு ஏறுகிற சிமெண்ட் சரிவில் வந்ததும் இடது ரோலர் முனகி, மெதுவாகி, நின்றுவிடுகிறது. வலது பக்கம் மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது. அடுத்த நொடி ரிமோட்டில் பீப் பீப் என்று கத்திவிட்டு மொத்தமும் செத்துப்போகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வேலை செய்கிறது. பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.7 காட்டுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் இடது மோட்டார் போச்சு, புதுசு வரவழைக்கணும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். மாற்றத்தான் வேண்டுமா?

அம்பாசமுத்திரம் ஆட்டோ:
மோட்டாருக்குள் கரண்ட் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அண்ணாச்சி. மோட்டாரைச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டிப் பாருங்க, ஓடினால் பிரஷ்தான். செல்ஃப் மோட்டாருக்கு நாங்க அப்படித்தான் பார்ப்போம்.

தென்காசி பேட்டரிக்கடை:
//பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.7 காட்டுகிறது//

தம்பி, சும்மா இருக்கிற பேட்டரியில் 12.7 வருவது நல்ல சேதிதான், முழு சார்ஜ் என்று அர்த்தம். 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் காலி மாதிரி. ஆனால் உங்கள் வண்டி சும்மா நிற்கும்போது நிற்கவில்லையே, ஏறும்போதுதானே நிற்கிறது. ஏறும்போது எவ்வளவு இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? மெக்கானிக் பார்த்திருக்க மாட்டார், பார்த்திருந்தால் மோட்டார் என்று அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டார்.

மூவர் சமதளத்தில் 20 ஆம்பியர் பக்கம் இழுத்தால் ஏற்றத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், கிளம்பும் நொடியில் அதற்கும் மேலே. அந்த மாதிரி கரண்டில் ஒரு லூஸ் டெர்மினல் இருந்தாலும் வோல்டேஜ் அங்கேயே கரைந்துபோகும். கண்ட்ரோல் பெட்டிக்குப் போய்ச் சேர்வது 10 வோல்ட் பக்கம் வந்துவிட்டால் பெரும்பாலான பெட்டிகள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாவற்றையும் அணைத்துவிடும். பீப் அடிப்பது அதற்காக இருக்கலாம். ஓவர்லோடுக்கும் அடிக்கும், எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டில் பாருங்கள்.

எந்தப் பேட்டரி போட்டிருக்கிறீர்கள்?

புளியரைத்தோப்பு:
வீட்டில் இன்வெர்ட்டருக்கு இருந்த 150 ஏஎச் டியூபுலர்தான் அண்ணாச்சி. வண்டியோடு வந்த பேட்டரி செத்துப்போயிருந்தது. கையேடு ஜெர்மன் மொழியில் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை வெல்டர்:
டியூபுலர் போட்டால் எங்கே இழுக்கும்? அது ஃபேனும் லைட்டும் ஓட்டுகிற பேட்டரி. டீசல் வண்டி பேட்டரி ஒன்று போடுங்கள், எல்லாம் பறக்கும்.

தென்காசி பேட்டரிக்கடை:
வெல்டர் தம்பி, 900 விஏ இன்வெர்ட்டர் முழு லோடில் 70 ஆம்பியர் பக்கம் இழுக்கும், டியூபுலர் அதைத் தாங்கிக்கொண்டுதான் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதனால் டியூபுலர் என்றதும் தள்ளிவிட வேண்டாம். டீசல் வண்டி பேட்டரி கிளம்பும் நொடிக்கு நன்றாகக் கொடுக்கும், ஆனால் அதைப் பாதிக்கு மேல் இறக்கி இறக்கி ஏற்றினால் சீக்கிரம் படுத்துவிடும்.

டியூபுலரில் எனக்கு இருக்கிற சங்கடம் வேறு. 50 கிலோ சுற்றி எடை, அதைக் கேரவன் முன்பெட்டியில் வைத்தால் கொக்கியில் விழுகிற பாரம் ஏறிவிடும். ரோட்டில் இழுத்துப்போகும்போது அசிட் தளும்பும். சார்ஜ் ஆகும்போது வாயு வரும், ஆட்கள் தூங்குகிற இடத்தோடு ஒட்டிய பெட்டி என்றால் வெளியே போக ஓட்டை இருக்க வேண்டும். தோப்புக்குள்ளேயே நகர்த்துகிற வண்டிக்கு இப்போதைக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

லீட்ஸ் செங்கோட்டையான்:
அண்ணாச்சி, நான் செங்கோட்டைக்காரன், இப்போது இங்கிலாந்தில். எங்களிடம் மூவர் வைத்த கேரவன் இருக்கிறது. இந்த ஊரில் வீட்டு முன்வாசல் சின்னது, கேரவன் பெரியது, அதனால் நிறையப் பேர் மூவர் மாட்டியிருப்பார்கள். ட்ரூமா, ரைஷ், ஆல்கோ எல்லாம் ஜெர்மன்காரர்கள் செய்வது, இங்கேயே செய்கிற கம்பெனிகளும் உண்டு. 100, 110 ஏஎச் பேட்டரிதான் வழக்கம்.

பேட்டரிக்கடை அண்ணாச்சி சொன்னதை அப்படியே செய்யுங்கள், எப்படி என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ரிமோட், ஒருவர் மீட்டர். மீட்டர் பிடிக்கிறவர் வண்டிக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும், சரிவில் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. சக்கரத்துக்குப் பின்னால் அடைகட்டையோடு இன்னொரு ஆள் ஓரமாகக் கூடவே வந்தால் நல்லது. ஓடும்போது முதலில் பேட்டரி முனைகளில், அடுத்து கண்ட்ரோல் பெட்டிக்குள் நுழைகிற இரண்டு கேபிளில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கேபிள் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பிளஸில் வைத்துக்கொண்டு இன்னொன்றை ஃபியூஸ், பேட்டரி கரண்டை மொத்தமாகத் துண்டிக்கிற ஐசொலேட்டர் சுவிட்ச், பெட்டி என்று ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போங்கள். எங்கே திடீரென்று எண் குதிக்கிறதோ அங்கேதான் திருடன்.

கேபிளைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஏசி மட்டும்தான் அளக்கும், பேட்டரி கேபிளில் மாட்டினால் சைபர் காட்டும்.

வண்டிப்பெரியார் ஹோம்ஸ்டே:
எங்களிடமும் ஒரு ட்ரெய்லர் இருக்கிறது, ஏலத்தோட்டத்துக்குப் பக்கத்தில். மலைப்பக்கம் இருப்பவர்கள் முதலில் கண்ட்ரோல் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க வலது பக்கம் விட்டு விட்டு வேலை செய்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எறும்பு, முட்டையோடு குடித்தனம். மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற ரிலேயின் மூடிக்குள்ளேயே இரண்டு மூன்று செத்து ஒட்டியிருந்தன. கேபிள் நுழைகிற ஓட்டையை ரப்பர் வளையம் போட்டு அடைத்த பிறகு தொல்லை இல்லை. பல்லியும் புகும், அது போர்டில் விழுந்தால் போர்டு காலி. ரிலே வைத்த பெட்டியில்தான் எறும்பு தொல்லை அதிகம், புதுசில் ரிலே குறைவு.

இன்னொன்று, சாரல் நேரத்தில் வண்டிக்கு அடியில் படுத்தால் அட்டை ஏறும். உப்பும் புகையிலையும் நனைத்த துணியைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு படுங்கள். சிரிக்காதீர்கள், நட்டைப் பாதி கழற்றும்போது காதுக்குப் பின்னால் ஒன்று ஊர்ந்தால் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை வெல்டர்:
அக்கா சொன்னது வாஸ்தவம். நான் கேட்பது, ரோலர் டயரில் வழுக்குகிறதா? மழையில் அலுமினியம் வழுக்கத்தான் செய்யும். ரோலரைக் கழற்றி வெல்டிங்கில் நாலு வரி ஓட்டிவிட்டால் பல் மாதிரி பிடிக்கும். பெரிய செலவு இல்லை.

லீட்ஸ் செங்கோட்டையான்:
தயவுசெய்து வேண்டாம். ரோலரில் ஏற்கெனவே வரிவரியாகப் பல் வெட்டித்தான் வரும். அதை இன்னும் கூராக்கினால் டயரைச் சீவி எடுத்துவிடும். வழுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது டயர் காற்று. காற்று குறைந்தால் டயர் உள்வாங்கி ரோலர் அழுத்தம் போய்விடும். அடுத்தது இடைவெளி. ரோலரை விலக்கி வைத்திருக்கும்போது டயருக்கும் அதற்கும் நடுவில் எங்கள் மாடலில் 20 மி.மீ. இருக்க வேண்டும், மற்றவற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவு. யாராவது டயர் சைஸ் மாற்றியிருந்தாலோ, மூவரைப் பிடித்திருக்கிற கிளாம்ப் சேசிஸில் நகர்ந்திருந்தாலோ இந்த அளவு மாறிவிடும், ரோலர் எட்டி அழுத்தாது. இதை வண்டி முழுப்பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு அளந்தால் தப்பாக வரும்.

ரோலர் பள்ளத்தில் செம்மண் அடைத்துக்கொண்டாலும் வழுக்கும், பழைய பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும்.

புளியரைத்தோப்பு:
எல்லாருக்கும் நன்றி. டயர் காற்று, இடைவெளி இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் எறும்பு இல்லை அக்கா, நிறைய ஒட்டடை. தங்கை மகனை ரிமோட்டில் நிறுத்தி அளந்தேன். டிசி கிளாம்ப் மீட்டர் திருநெல்வேலியில் கிடைத்தது.

சரிவில் ஏறும்போது: பேட்டரி முனையில் 11.8. கண்ட்ரோல் பெட்டியில் 9.9. பேட்டரி கேபிளில் 85 ஆம்பியர், அதோடு அணைந்துவிட்டது. மைனஸ் பக்கம் 0.3 வோல்ட்தான் போகிறது. பிளஸ் பக்கம் 1.6 போகிறது, அதில் ஐசொலேட்டர் சுவிட்சின் இரண்டு முனைக்கும் நடுவில் மட்டும் 1.3.

தென்காசி பேட்டரிக்கடை:
அடடா, இதைத்தான் எதிர்பார்த்தேன். 1.3 வோல்ட்டை 85ஆல் பெருக்குங்கள், 110 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று அந்தச் சுவிட்சுக்குள் எரிகிற சூடு. கையை வைத்திருந்தால் சுட்டிருக்கும். பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா பாருங்கள்.

பேட்டரி 12.7லிருந்து 11.8க்கு இறங்குவது அந்தக் கரண்டுக்கு நியாயம்தான், பேட்டரி மேல் எனக்குப் புகார் இல்லை.

புளியரைத்தோப்பு:
உருகவில்லை, ஆனால் பின்பக்கம் நிறம் மாறிப் பழுப்பாக இருக்கிறது. கழற்றிப் பார்த்தேன். கேபிள் முனையில் மாட்டிய செம்பு லக் முழுக்கப் பச்சை. லக்கைக் கையால் பிடித்துத் திருகினால் கேபிள் உள்ளே சுற்றுகிறது! முன்பு மாட்டியவர் கருவியால் அழுத்திக் கிரிம்ப் போடாமல் சுத்தியலால் தட்டி நசுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருக்கிறார். டேப்புக்குள் ஈரம் இறங்கி உள்ளே ஒவ்வொரு இழையும் கறுத்துக் கிடக்கிறது. கேபிளை இரண்டு அங்குலம் வெட்டியும் உள்ளே பளபளப்பு வரவில்லை, இன்னும் வெட்டினால்தான் வந்தது.

கொழிஞ்சாம்பாறை வெல்டர்:
கேபிள் என்ன சைஸ்? 25 ஸ்கொயர் (சதுர மி.மீ.) இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். வெல்டிங் கேபிள் போடுங்கள், இழை மெல்லிசு, வளையும், அதிர்வு தாங்கும். ஆனால் செம்பு கேபிளாகக் கேட்டு வாங்கணும். அலுமினியத்தில் செம்பு பூசியதும் அதே ரேட் போர்டில் தொங்கும், நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும்.

தென்காசி பேட்டரிக்கடை:
இதில் வெல்டர் சொல்வது நூற்றுக்கு நூறு. 10 ஸ்கொயர் செம்பு கேபிள் போக வர 8 மீட்டர் இருந்தால் 60 ஆம்பியரில் 0.9 வோல்ட் பக்கம் அதிலேயே போய்விடும். 25 ஸ்கொயரில் 0.35 போகும். பேட்டரியைப் பெட்டிக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள், காசு மிச்சம்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப் கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் அடித்து வாங்குங்கள். பேனல் போர்டு வேலை செய்கிறவர்களிடம் இருக்கும். அப்புறம் சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் உறை, உள்ளே பசை உள்ளதாக. நட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு இறுக்குவது நம்ம ஊர் வழக்கம், அது வேண்டாம், உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்த பிறகு மேலே பூசினால் போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா? இல்லாமல் ஓட்டாதீர்கள், 25 ஸ்கொயர் கேபிள் சேசிஸில் உரசி ஷார்ட் ஆனால் தீதான். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பது மூவர் கையேடு சொல்வதுதான், கடைக்காரன் கையில் இருப்பது இல்லை.

நெய்யாற்றின்கரை சதீஷ்டூரர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேரளாவில் 2021ல் கேரவன் கேரளா என்று சுற்றுலாத் துறை அறிவித்ததே, அந்த வண்டிகளிலும் இது இருக்குமா? வாங்கலாம் என்று யோசிக்கிறேன்.

வண்டிப்பெரியார் ஹோம்ஸ்டே:
அதில் ஓடுவது பெரும்பாலும் என்ஜின் வைத்த வண்டி, டிரைவர் சீட்டோடு. அதற்கு மூவர் தேவையில்லை. இழுக்கிற ட்ரெய்லருக்கு மட்டும்தான் இது.

புளியரைத்தோப்பு:
புது 25 ஸ்கொயர் கேபிள், புது லக், புது சுவிட்ச் போட்டாயிற்று. இப்போது பேட்டரிக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் 0.4 வோல்ட்தான். பீப் நின்றது, அணைவதும் நின்றது. சந்தோஷம்.

ஆனால் பாதி சந்தோஷம்தான். சரிவில் இடது பக்கம் இன்னும் முனகுகிறது, வலதைவிட மெதுவாகத்தான் போகிறது. மொத்தக் கரண்ட் 80. அப்படியானால் மெக்கானிக் சொன்னது சரிதானோ?

அம்பாசமுத்திரம் ஆட்டோ:
பிரஷ்.

லீட்ஸ் செங்கோட்டையான்:
இருங்கள், இருங்கள். முதல் பதிவில் நீங்கள் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்.

//சமதளத்தில் ஓடுகிறது, கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும்//

இது கேபிளுக்கு முந்தின கதை. சமதளத்திலேயே இடது பக்கம் பின்தங்குகிறது. ஒன்று மோட்டார் பலவீனம், இல்லை அந்தச் சக்கரம் கனக்கிறது. 1,100 கிலோ வண்டி, உங்கள் சரிவு பத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் 40 ஆம்பியர் பக்கம்தான் வர வேண்டும் என்று என் கணக்கு. 80 என்றால் இரண்டு மடங்கு. பிரஷ் தேய்ந்த மோட்டார் கரண்டைக் குறைவாகத்தான் இழுக்கும், இப்படி அதிகமாக இழுக்காது. எதையோ எதிர்த்துத் தள்ளுகிறது என்று படுகிறது.

மூன்று சோதனை, இந்த வரிசையில். முதலில் ரோலரை டயரிலிருந்து விலக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, இரண்டு பக்கமும் சும்மா சுற்றவிட்டுச் சத்தத்தையும் ஆம்பியரையும் ஒப்பிடுங்கள். அடுத்து, ஐசொலேட்டரை அணைத்துவிட்டு, கையேடு அனுமதித்தால் கண்ட்ரோல் பெட்டியில் இடது வலது மோட்டார் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். தொல்லை வலதுக்குப் போனால் பெட்டி, இடதிலேயே இருந்தால் மோட்டாரோ சக்கரமோ. மூன்றாவது, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். தூக்குவதற்கு முன்னால் மற்ற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைகட்டை, ஜாக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்ட், ஐசொலேட்டர் சாவி உங்கள் பாக்கெட்டில். தங்கை மகன் ரிமோட்டோடு விளையாடிக்கொண்டு நிற்கக் கூடாது.

தென்காசி பேட்டரிக்கடை:
தம்பி, கொச்சியிலிருந்து இழுத்து வந்தபோது புனலூர் தாண்டி மலை ஏறி வந்திருப்பீர்களே. நிறுத்தின இடத்தில் இடது சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தீர்களா? சூடு இருந்ததா?

புளியரைத்தோப்பு:
கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்துக்கிட்ட டீக்கு நிறுத்தினோம் அண்ணாச்சி. கருகின வாசனை வந்தது. பொலேரோ கிளட்ச் என்று டிரைவர் சொன்னார்.

தென்காசி பேட்டரிக்கடை:
கிளட்ச் இல்லை. தூக்கிப் பாருங்கள்.

புளியரைத்தோப்பு:
பார்த்துவிட்டேன். ரோலரை விலக்கினால் இரண்டு மோட்டாரும் ஒரே சத்தம், ஒரே ஆம்பியர். வயரை மாற்றியும் தொல்லை இடதிலேயே நின்றது. சக்கரத்தைத் தூக்கினால், வலது ஒரு தள்ளுக்கு இரண்டு மூன்று சுற்று சுற்றுகிறது. இடதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால் கறகற என்று அரைச் சுற்று வந்து நிற்கிறது. ஹேண்ட் பிரேக் முழுசாக இறக்கியிருக்கிறேன்.

டிரம்மைக் கழற்ற முடியவில்லை. ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, அட்ஜஸ்டரைப் பின்னால் இருந்து தளர்த்திய பிறகு வந்தது. உள்ளே டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டியிருந்த இடத்தில் அப்படியே ஷூ வடிவத்தில் துரு அச்சு. கீழே தட்டில் சிவப்புப் பொடி. ஹேண்ட் பிரேக் கேபிள் அந்தப் பக்கம் உறைக்குள் துருப்பிடித்து, இழுத்தால் போகிறது, திரும்பி வர மாட்டேன் என்கிறது.

லீட்ஸ் செங்கோட்டையான்:
அதுதான். மோட்டார் பாவம், பிரேக் போட்ட சக்கரத்தை மலை ஏற்றிக்கொண்டிருந்தது. அதனால் கரண்ட் ஏறியது, ஏறிய கரண்ட் அழுகின லக்கில் போய் வோல்டேஜைத் தின்றது, பெட்டி அணைந்தது.

பொடியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். துரு லேசாக இருந்தால் எமரி தாளால் தேய்க்கலாம், பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுங்கள். கேபிளை எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் புதுசு மாற்றுங்கள், பிரேக் விஷயம். பேரிங் கிரீஸும் அந்தச் சூட்டில் வெந்திருக்கும், அதையும் பாருங்கள். டிரம் நட்டு ஒரு தடவை மட்டும் பயன்படுத்துகிற வகையா என்று பாருங்கள், சில ஆல்கோ அச்சுகளில் அப்படித்தான். அதைப் பழையபடி மாட்டி ஓட்டக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை வெல்டர்:
ஷூ லைனிங் நம்ம பக்கம் பழசைப் பிரித்துப் புதுசு ஒட்டித் தருவார்கள், கோவையில் ஆள் இருக்கிறது. கேபிளும் அளவு கொடுத்தால் செய்வார்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

லீட்ஸ் செங்கோட்டையான்:
கேபிள் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சரிவில் ஆள் தூங்குகிற வண்டியை அது ஒன்றுதான் பிடித்து நிறுத்துகிறது. பாகத்தை வரவழைத்தே போடலாம், மோட்டார் விலையில் கால்வாசிகூட ஆகாது.

கொழிஞ்சாம்பாறை வெல்டர்:
லாரிக்கே செய்கிறார்கள் அண்ணே. சரி, உங்கள் விருப்பம்.

வண்டிப்பெரியார் ஹோம்ஸ்டே:
இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் நடப்பது. மழைக்காலம் முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, மூலைக்கால்களை இறக்கிவிட்டு, பிரேக்கை விடுவித்துத்தான் வைப்போம். மூவர் ரோலரையும் விலக்கித்தான் வைக்கணும். அழுத்தியபடி மாசக்கணக்கில் விட்டால் டயரில் குழி விழுந்துவிடும். ரோலரை அழுத்தி வைத்தால் அதுவே பிரேக் என்று சிலர் நினைக்கிறார்கள், அது பிரேக் இல்லை.

லீட்ஸ் செங்கோட்டையான்:
அக்கா சொன்னதோடு ஒன்று. சரிவில் நிறுத்திவிட்டு ரோலரை விலக்குவதற்கு முன்னால் ஹேண்ட் பிரேக்கை முழுசாக மேலே வரை இழுங்கள், அடைகட்டையும் கொடுங்கள். இந்த வகை ட்ரெய்லர் பிரேக்கில் ரிவர்ஸ் போக வசதியாக ஷூ தானே விலகிக்கொள்ளும் அமைப்பு இருக்கும், அதனால் வண்டி பின்னால் ஒரு முழம் போலச் சரிந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் இறுக்கிப் பிடிக்கும். தெரியாதவர்களுக்கு அந்த ஒரு முழத்தில் உயிர் போய் வரும்.

காரில் மாட்டி ரோட்டுக்குப் போகும் முன் இரண்டு ரோலரும் விலகியிருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பாருங்கள். ரோலர் ஒட்டியபடி இழுத்தால் கியரும் போகும், டயரும் போகும்.

புளியரைத்தோப்பு:
பிரேக் கேபிள் புதுசு வரவழைத்துப் போட்டாயிற்று, வெல்டர் தம்பி கோவிக்க வேண்டாம். டிரம் லேத்தில் கொடுத்து எடுத்தேன், பேரிங் கிரீஸ் கறுப்பாகிக் கிடந்தது, அதையும் மாற்றினோம். இப்போது சரிவில் 42 ஆம்பியர். நேராக ஏறுகிறது, சமதளத்திலும் இடது பக்கம் இழுப்பது இல்லை. மோட்டார் அதே பழைய மோட்டார்தான்.

இனி சாரல் தொடங்கும் முன்னால் மூவருக்கு என்ன செய்து வைக்கணும்? கிரீஸ் அப்பி வைக்கலாமா?

லீட்ஸ் செங்கோட்டையான்:
ரோலரை அழுத்தி விலக்குகிற சறுக்குப் பகுதியில் கிரீஸ் அப்பாதீர்கள். செம்மண் அதில் ஒட்டி அரைக்கிற பேஸ்ட் ஆகிவிடும். நன்றாகக் கழுவி, காயவிட்டு, ஒட்டாத வகை உலர் ஸ்ப்ரே லேசாக அடியுங்கள். ரோலரிலும் டயரிலும் துளிகூடப் படக் கூடாது. வண்டி சும்மா நிற்கிற காலத்திலும் மாதம் ஒருமுறை ரோலரை அழுத்தி விலக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இங்கே குளிர்காலத்தில் அதைச் செய்யாதவர்களுக்குத்தான் வசந்தத்தில் ஜாம் ஆகி நிற்கும். பிரஷர் வாஷரை மோட்டார் இணைப்பில் நேராக அடிக்க வேண்டாம்.

சேசிஸில் கிளாம்ப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைத் துரு பார்த்து இறுக்கிவிடுங்கள், ஆனால் சேசிஸில் புது ஓட்டை போடவோ வெல்ட் வைக்கவோ யாரையும் விடாதீர்கள். கால்வனைஸ் பூச்சு போய்விடும், வலுவும் போய்விடும். வெல்டர் தம்பி, உங்களைச் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறை வெல்டர்:
என்னைத்தான் சொல்கிறீர்கள், ஹா ஹா.

நெய்யாற்றின்கரை சதீஷ்டூரர்:
டியூபுலரைத் தூக்கிவிட்டு லித்தியம் போட்டால்? 100 ஏஎச் லித்தியம் பத்துப் பன்னிரண்டு கிலோதானே வருகிறது.

தென்காசி பேட்டரிக்கடை:
எடைக்கு நல்லதுதான். ஆனால் உள்ளே பேட்டரியைக் காப்பாற்ற இருக்கிற பிஎம்எஸ் என்கிற சர்க்யூட் எவ்வளவு கரண்ட் விடும் என்று பாருங்கள். தொடர்ந்து 100 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் கிளம்பும் நொடியில் மூவர் அதற்கு மேல் கேட்டால் பிஎம்எஸ் டப்பென்று துண்டித்துவிடும், பேட்டரி செத்த மாதிரி சைபர் காட்டும், வாடிக்கையாளர் என் கடைக்கு வந்து சண்டை போடுவார். நொடிக்கணக்கில் எவ்வளவு தாங்கும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதை மூவரின் உச்ச கரண்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்கணும்.

புளியரைத்தோப்பு:
டியூபுலர் இந்த சீசன் ஓடட்டும் அண்ணாச்சி, அடுத்து உங்கள் கடைக்கு வருகிறேன். கடைசியாக ஒன்று, ரிமோட் இப்போது பக்கத்தில் நின்றால்தான் கேட்கிறது. உள்ளே குட்டியாக, தடியாக சிஆர்2 என்று ஒரு பேட்டரி. செங்கோட்டையில் கடை கடையாகக் கேட்டும் சுவர்க் கடிகார பேட்டரிதான் எடுத்து நீட்டுகிறார்கள்.

அம்பாசமுத்திரம் ஆட்டோ:
பழைய ஃபோட்டோ ஸ்டுடியோவில் கேளுங்க அண்ணாச்சி, கேமராவுக்குப் போடுகிற பேட்டரி அது. இரண்டாக வாங்கி ஒன்றை வண்டியிலேயே வைங்க. மாற்றின பிறகு ரிமோட்டும் பெட்டியும் பேசிக்கொள்ளவில்லை என்றால் பெட்டியில் இருக்கிற சின்ன பட்டனை அமுக்கித் திரும்பச் சேர்க்கணும், எத்தனை நொடி என்பது கையேட்டில் படமாகவே போட்டிருக்கும், ஜெர்மன் தெரிய வேண்டாம்.